கோட்டையைக் காட்டுகிறீர்கள், கொல்லைப்புறம் எங்கே?

எங்கள் ஊர்ப் பெயரில் பாதி ஆங்கிலம். கிறித்தவம் தழுவிய குடும்பங்கள் குடியேற, சாயர் என்ற கம்பெனிக் காலத்து வணிகர் நிலம் வாங்கிக் கொடுத்தார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர் பெயரால் சாயர்புரம். 1840களில் ஜி.யு.போப் இங்கே தங்கிப் பள்ளி நடத்தினார். அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது. பக்கத்தில் தூத்துக்குடித் துறைமுகம். முத்தும் பருத்தியும் உப்பும் கூலி ஆட்களும் கப்பலேறிய கரை. ஆகவே இங்கிலாந்தின் வரலாறு எங்களுக்கு யாரோ ஒருவர் வீட்டுக் கதை இல்லை. அதில் எங்கள் உழைப்பும் சேர்ந்திருக்கிறது.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. இங்கிலாந்துக் கோட்டைகள், பிரபுக்களின் தோட்டங்கள், அவர்கள் வீட்டு விருந்து முறைகள் ஆகியவற்றைக் காட்டும் காணொளிகள் நம் இளைஞர்களின் கைப்பேசிகளில் நிரம்பி வழிகின்றன. ‘டவுன்டன் அபே’ தொடரை ஒரே மூச்சில் பார்த்துவிட்டு, எந்தக் கரண்டியை எந்தப் பக்கம் வைப்பார்கள் என்று விளக்கும் தோழர்களை எனக்குத் தெரியும். பார்க்காதீர்கள் என்று சொல்லப்போவதில்லை, நானும் பார்க்கிறேன். ஆனால் சாதி ஒழிப்பு பேசுகிற நாம் ஒரு கோட்டையின் முன்னால் நிற்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்தக் கல்லுக்குக் காசு எங்கிருந்து வந்தது? இந்தப் புல்தரையை வெட்டியவர் யார்? எச்சில் தட்டை எடுத்தவர் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்? இதே கேள்விகளை நம் ஊர் அரண்மனையின் முன்னாலும் கேட்கிறோமா?

கோட்டை

வேல்ஸ் நாட்டில் பவிஸ் கோட்டை இருக்கிறது. படிப்படியாக இறங்கும் அதன் தோட்டம் உலகப் புகழ் பெற்றது. உள்ளே ‘கிளைவ் அருங்காட்சியகம்’ என்று ஒரு பகுதி. இந்தியாவிலிருந்தும் கிழக்கு நாடுகளிலிருந்தும் போன ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் அங்கே இருக்கின்றன. திப்பு சுல்தானின் பூப்போட்ட கூடாரமும் அதில் ஒன்று.

கிளைவ் என்றதும் பிளாசிப் போரின் ராபர்ட் கிளைவ்தான் நம் நினைவுக்கு வருவார். தென்மாவட்டத்துக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டியவர் அவருடைய மகன் எட்வர்ட் கிளைவ். 1798 முதல் 1803 வரை சென்னையின் ஆளுநர் அவர்தான். ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தது 1799 மே மாதம். கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது அதே ஆண்டு அக்டோபரில். 1801இல் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பிவந்து எழுப்பிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மீண்டும் பீரங்கியால் தகர்க்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் பாளையத்து மக்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று ஆணை வந்தது. எல்லாம் எட்வர்ட் கிளைவின் ஆட்சியில் நடந்தவை. ஊர் திரும்பியதும் 1804இல் அவருக்குக் கிடைத்த பட்டம் பவிஸ் பிரபு. அந்தக் கோட்டை அவர் மனைவி ஹென்ரியட்டாவின் குடும்பச் சொத்து. ஹென்ரியட்டா 1800இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், திருச்சி, தஞ்சாவூர் என்று ஏழு மாதம் சுற்றினார். அவருடைய நாட்குறிப்பு கிடைக்கிறது. பல்லக்குச் சுமந்தவர்கள் எழுதிய நாட்குறிப்பு ஒன்றும் கிடையாது.

பாஞ்சாலங்குறிச்சி மண்ணோடு மண்ணாக்கப்பட்டது. அதே காலத்தில் வேல்ஸில் ஒரு கோட்டை பளபளப்பாக்கப்பட்டது. இந்த இரண்டையும் ஒரே பாடமாகப் படிக்க வேண்டும்.

இதை இங்கிலாந்திலேயே பேசத் தொடங்கிவிட்டார்கள். நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு 1895 முதல் இத்தகைய மாளிகைகளையும் தோட்டங்களையும் பராமரித்து வருகிறது. 2020இல் அது ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் பொறுப்பில் உள்ள 93 இடங்களுக்கு அடிமை முறையோடும் காலனியக் கொள்ளையோடும் தொடர்பு உண்டு என்று அந்த அறிக்கை பட்டியல் போட்டது. பவிஸும் அதில் இருக்கிறது. உடனே ஆளும் கட்சி எம்.பி.க்கள் பலர் கொதித்தார்கள். வரலாற்றை அவமதிக்கிறீர்கள், எங்கள் பெருமையைக் கெடுக்கிறீர்கள் என்றார்கள். நமக்குப் பழகிய குரல்தான். கோயில் கருவறைக்குள் எல்லோரும் போகலாம் என்றால் இங்கே எழும் அதே குரல்.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு, வெள்ளைக்காரன் கொள்ளையடித்தான் என்று கைதட்டி நிறுத்திக்கொள்வது நம் வேலை இல்லை. பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் தமிழக அரசு நினைவுக் கோட்டை கட்டியது. நல்லது. 1801இல் அந்த மண் கோட்டைக்கு மண் சுமந்தவர்கள் யார்? கட்டபொம்மனின் படையில் களத்தில் நின்ற கவர்னகிரி சுந்தரலிங்கத்தின் பெயருக்கு நாம் என்ன மரியாதை கொடுத்தோம்?

1997இல் ஒரு புதிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தார்கள். தலித் ஒருவரின் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் தெருவில் இறங்கினார்கள். தென்மாவட்டங்கள் எரிந்தன, உயிர்கள் போயின. கடைசியில் அரசு எடுத்த முடிவு, எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் நீக்குவது. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆனது அப்போதுதான். வெள்ளையனை எதிர்த்துக் கப்பல் விட்ட வ.உ.சி.யின் பெயரையே விட்டுக்கொடுத்தார்கள். வெள்ளையனை எதிர்த்துச் செத்த ஒரு தலித்தின் பெயரைப் பேருந்தின் நெற்றியில் பார்க்கச் சகிக்கவில்லை. பவிஸ் கோட்டை நம்மிடமிருந்து எடுத்ததைக் கணக்குப் பார்க்கும் தேசபக்தர்கள், இந்த நாட்டுக்குள்ளேயே எடுக்கப்பட்ட பெயரைப் பற்றி வாய் திறப்பதில்லை.

தோட்டம்

இங்கிலாந்துத் தோட்டம் என்றால் ரோஜாச் செடியும் செதுக்கிய புதர்வேலியும் மாலை நேரத் தேநீரும். தமிழில் தோட்டம் என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதும் தோட்டம். மலையில் கூலிக்குக் கொழுந்து பறிக்கும் இடமும் தோட்டம். முதல் தோட்டத்தில் உட்கார்ந்து குடித்த தேநீர் இரண்டாம் தோட்டத்திலிருந்து போனது.

இலங்கை மலையகத்தில் முதலில் காப்பி போட்டார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலைத் தோட்டம் தொடங்கினார். காட்டை அழித்து மலையைச் சீராக்கியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். அவர்களில் பெரும் பகுதியினர் பள்ளர், பறையர், சக்கிலியர் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். பஞ்சமும் கடனும் பண்ணையாரின் சவுக்கும் ஊரிலிருந்து விரட்டின, கங்காணியின் முன்பணம் இழுத்துப் போனது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் போனது. என் பாட்டியின் அண்ணன் அப்படிக் கண்டிச் சீமைக்குப் போனவர். கடிதம் எழுதத் தெரியாதவர்கள் போனால் அவர்கள் கதை அதோடு முடிந்தது.

வெள்ளைத் துரையின் தோட்டத்துக்குப் போனவர்களைச் சாதி விட்டுவிடவில்லை. பெரிய கங்காணிகளில் பலர் ஆதிக்கச் சாதியினர். லயத்திலும் சாதி பார்த்தே வீடு ஒதுக்கிய தோட்டங்கள் உண்டு. துரைக்கு அது வசதியாக இருந்தது. ஊரில் அடங்கி நடக்கப் பழக்கப்பட்டவர்களை அதே அடுக்கோடு இறக்குமதி செய்துகொண்டால் தனியாக மேற்பார்வை எதற்கு? வெள்ளை முதலாளியத்துக்கும் சாதிக்கும் இடையே நடந்தது சண்டை என்று நினைப்பவர்கள் ஒருமுறை லயத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

1948இல் சுதந்திர இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளைப் பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தார்கள். அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘தோட்டக்காட்டான்’ என்ற வசவை அவர்கள் மேல் வீசியவர்களில் தமிழர்களும் உண்டு. அடுத்த முறை இங்கிலாந்துப் பிரபுவின் ரோஜாத் தோட்டத்தைப் பார்த்து மனம் நெகிழும்போது, மேசைமேல் இருக்கும் கோப்பையையும் பாருங்கள் தோழர்களே.

பட்லர்

பிரபு வீட்டு மரபுகளில் உச்சம் பட்லர். வெள்ளைக் கையுறை, நிமிர்ந்த முதுகு, வெள்ளித் தட்டு. அந்தச் சொல் தமிழ்நாட்டுக்கு வந்தபோது அதற்கு ஒரு சாதி கிடைத்தது.

துரைமார் மாட்டிறைச்சி தின்றார்கள். அதைச் சமைக்கவும் அவர்கள் எச்சில் தட்டை எடுக்கவும் சாதி இந்துக்கள் வரவில்லை. துபாஷாக வந்தார்கள், கணக்கு எழுத வந்தார்கள், வட்டிக்குக் கடன் கொடுக்கவும் வந்தார்கள். அடுப்படிக்கு மட்டும் வரவில்லை. ஆகவே சென்னைப் பங்களாக்களின் குசினிகளில் பறையர் சமூகத்தினர் பட்லர்களாகவும் சமையல்காரர்களாகவும் ஆயாக்களாகவும் நுழைந்தார்கள். ஊரில் தெருவில் நடக்க முடியாதவரின் கையால் நாட்டை ஆண்டவன் சாப்பிட்டான். இங்கிலாந்துப் பணிப்பெண்ணும் பின்வாசல் வழியாகத்தான் வந்தாள், தனிப் படிக்கட்டில்தான் ஏறினாள், விடியலுக்கு முன் எழுந்து கரியடுப்பைத் துடைத்தாள். ஆனால் அவள் தொட்ட சோற்றைப் பிரபு சாப்பிட்டார். வேறு வேலை கிடைத்தபோது அவள் மகள் போய்விட்டாள். முதல் உலகப் போருக்குப் பின் மாளிகைகளில் வேலைக்கு ஆள் குறைந்ததற்கு அது ஒரு பெரிய காரணம். வர்க்கக் கொடுமைக்கும் தீண்டாமைக்கும் உள்ள வேறுபாடு இதுதான். நம் ஊரில் தொட்டாலே தீட்டு, மகளுக்கும் அதே தொழில்.

அந்தக் குசினி வழியாக ஒரு புத்தகமும் வந்தது. ஹாரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தன் பாட்டனார் கந்தப்பன், தம்மிடமிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியைத் துரை மூலம் எல்லிஸிடம் சேர்த்தார் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். எல்லிஸ் குறளுக்கு உரையும் மொழிபெயர்ப்பும் எழுதினார். பின்னால் போப் 1886இல் முழுக் குறளையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். போப்பின் கல்லறையில் ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று எழுதியிருப்பதாக மேடைக்கு மேடை முழங்குகிறோம். ஆக்ஸ்போர்டில் இருக்கும் அந்தக் கல்லில் அப்படி ஒரு வரியே கிடையாது. இல்லாத வரியை மனப்பாடமாகச் சொல்லும் தமிழ்ச் சமூகம், கந்தப்பனின் பெயரை எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறது? தீண்டத்தகாதவர் வீட்டில் ஓலைச்சுவடி இருந்தது, அவர் அதைப் படித்தார், அதன் மதிப்பு அவருக்குத் தெரிந்திருந்தது என்று ஒப்புக்கொண்டால், கல்வி தங்களுக்கு மட்டும் பிறப்போடு வந்தது என்ற கதை உடைந்துபோகும். தமிழ்ப் பெருமை பேசும் பலருக்கு அங்கேதான் தொண்டை கட்டிக்கொள்கிறது.

மாறாக நாம் பாதுகாத்து வைத்திருக்கும் சொல் ‘பட்லர் இங்கிலீஷ்’. கல்லூரி முதலாண்டில் நான் வகுப்பில் எழுந்து பேசியபோது ஓர் ஆசிரியர் அதைச் சொல்லிச் சிரித்தார். வகுப்பும் சிரித்தது. அது வெறும் கிண்டல் என்று இன்றும் சொல்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூட வாசலில் நிறுத்தப்பட்ட மக்கள், அடுப்படியில் நின்றபடியே காதால் கேட்டு ஓர் அந்நிய மொழியைக் கற்றார்கள். இலக்கணப் புத்தகம் இல்லை, வாத்தியார் இல்லை. அந்தச் சாதனையைத்தான் நாடு கேலிச் சொல்லாக்கியது. அதே காலத்தில் துபாஷிகள் பேசிய உடைந்த ஆங்கிலத்துக்கு ‘துபாஷி இங்கிலீஷ்’ என்று ஒரு வசவு நம் வாயில் புழங்குகிறதா?

ஆயாக்களின் கதையும் இதே வீட்டுக்குள்தான் இருக்கிறது. துரைசானியின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளக் கப்பலேற்றப்பட்ட பெண்கள் பலர், லண்டனில் இறங்கியதும் கைவிடப்பட்டார்கள். அவர்களுக்காக அங்கே ஓர் ‘ஆயாக்கள் இல்லம்’ இருந்தது. ஹாக்னியில் அது இயங்கிய கட்டடத்தின் சுவரில் 2022இல் நீலப் பலகை வைத்தார்கள். வேல்ஸில் எர்திக் என்ற மாளிகை இருக்கிறது. அங்கே வேலைக்காரர் கூடத்தில் தச்சர், கொல்லர், ஒட்டடை அடித்த மூதாட்டி ஆகியோரின் ஓவியங்கள் 18ஆம் நூற்றாண்டிலிருந்து தொங்குகின்றன. ஓவியம் கூலியாகாது என்பது உண்மை. எஜமானர் தன் தாராள மனதைக் காட்டத்தான் வரைந்தார் என்றும் சொல்லலாம். ஆனாலும் அந்த முகங்கள் இருக்கின்றன. நம் அரண்மனை எதிலாவது ஒரு வெட்டியானின், ஒரு தோட்டியின், ஒரு பண்ணையாளின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

நம் வீட்டு மரபு

இப்போது இங்கேயும் ‘ஹெரிடேஜ்’ அலை அடிக்கிறது. செட்டிநாட்டு மாளிகைகளில் பர்மா தேக்குத் தூணையும் இத்தாலியப் பளிங்கையும் காட்டுகிறார்கள். அக்கிரகாரத் தெருக்களில் நடைச் சுற்றுலா நடத்துகிறார்கள். முன்வாசலில் கோலம், முற்றத்தில் மழைநீர், வாழையிலையில் விருந்து. கொல்லைப்புறக் கதவைத் திறந்து, மலம் அள்ளியவர் இந்த வழியாகத்தான் வந்தார், தண்ணீரை அவர் கையில் உயரத்திலிருந்து ஊற்றினார்கள், கூலியைத் தரையில் வைத்தார்கள் என்று சொல்லும் வழிகாட்டி யாரையாவது கண்டால் எனக்குச் சொல்லுங்கள்.

வெள்ளைக்காரன்தான் நம்மை விடுவித்தான் என்று சொல்லும் நண்பர்களிடமும் பேச வேண்டியிருக்கிறது. 1833இல் பிரிட்டன் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டபோது, கம்பெனி ஆண்ட நிலப்பகுதியை அதிலிருந்து விலக்கி வைத்தது. இங்குள்ள அடிமை முறையைச் சட்டம் தொட்டது 1843இல்தான். மேற்கிந்தியத் தீவுகளின் அடிமை முதலாளிகளுக்கு இழப்பீடாக 2 கோடி பவுண்டு கொடுத்த அரசு, அடிமைகளுக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. பனையேறிகளுக்குப் பள்ளி திறந்த மிஷனரிகளில் ஒருவரான கால்டுவெல்தான், 1849இல் அதே மக்களை இழிவாகச் சித்தரித்து ஒரு நூல் எழுதிப் பின்னால் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். தேவாலயத்துக்குள்ளும் கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் சாதி காலெடுத்து வைத்தது.

அதற்காக நம் முன்னோர் வெள்ளைக்காரனிடம் ஏமாந்தார்கள் என்று ஆகாது. 1893இல் சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, இரட்டைமலை சீனிவாசன் 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கி அதை எதிர்த்துப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். துரை மேல் உள்ள பாசத்தால் அனுப்பவில்லை. பார்ப்பனரும் வெள்ளாளரும் கலெக்டராக வந்தால் சேரி என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கிடைத்த இடுக்கில் கால் வைத்து ஏறியவர்கள் அவர்கள். அந்தக் கணக்கை அடிமைப்புத்தி என்று எழுதும் உரிமை, இடுக்கே தேவைப்படாத பெரிய வாசல்காரர்களுக்கு இல்லை.

இன்னொரு வீட்டு மரபையும் நினைவூட்ட வேண்டும். இங்கிலாந்து மாளிகைகளில் பழைய தேநீர்க் கோப்பையைக்கூடக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காக்கிறார்கள். எங்கள் மாவட்டத்துக் கொடியன்குளத்தில் 1995 ஆகஸ்ட் 31 அன்று நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்தார்கள். வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்துச் சம்பாதித்து, நிமிர்ந்து நின்ற தலித் மக்களின் ஊர் அது. டி.வி., மின்விசிறி, தையல் எந்திரம், சைக்கிள், தானியக் குதிர் எல்லாவற்றையும் அடித்து நொறுக்கினார்கள். துணிகளோடு பாஸ்போர்ட்டுகளையும் படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களையும் எரித்தார்கள். குடிநீர்க் கிணற்றில் நஞ்சைக் கலந்தார்கள். ஆதிக்கச் சாதிக்காரன் வீட்டில் பொருள் இருந்தால் அது பாரம்பரியம். தலித் வீட்டில் பொருள் இருந்தால் அது திமிர். கொடியன்குளத்தில் உடைந்த ஒரு தையல் எந்திரத்தை எந்த அருங்காட்சியகம் வாங்கி வைத்திருக்கிறது?

எனவே இளம் தோழர்களுக்கு என் வேண்டுகோள். இங்கிலாந்துக் கோட்டைகளைப் பாருங்கள், வரலாற்றைப் படியுங்கள். படித்துவிட்டு உங்கள் ஊருக்குத் திரும்புங்கள். பக்கத்தில் இருக்கும் ஜமீன் அரண்மனைக்கும் பழைய மாளிகைக்கும் போய், கொல்லைப்புறக் கதவு எங்கே என்று கேளுங்கள். அங்கே வேலை செய்த குடும்பங்கள் எந்தத் தெருவில் இருக்கின்றன என்று விசாரித்து, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். மலையகத்துக்குப் போனவர்களின் பெயரைப் பாட்டிகளிடம் கேட்டு, அவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள். அரசு பராமரிக்கும் ஒவ்வொரு அரண்மனையிலும், ஒவ்வொரு நினைவுக் கோட்டையிலும் கட்டியவர்கள், சுமந்தவர்கள், சுத்தம் செய்தவர்கள் யார் என்று பலகை வைக்கச் சொல்லி மனுப் போடுவோம். குறளின் பதிப்பு வரலாறு பாடப்புத்தகத்தில் வரும்போது, எல்லிஸ், போப் பெயர்களுக்கு முன்னால் கந்தப்பன் சேர்த்த சுவடியைப் பற்றி அயோத்திதாசர் எழுதியதும் வர வேண்டும் என்று கேட்போம்.

பலகை வைத்தால் சாதி ஒழிந்துவிடாது. ஆனால் ஒரு பேருந்தில் சுந்தரலிங்கத்தின் பெயர் வந்ததற்கே ஊர்கள் எரிந்தன. பெயர் எவ்வளவு பெரிய ஆயுதம் என்பது எதிரிக்குத் தெரிந்திருக்கிறது. நமக்கும் தெரிய வேண்டும்.